ஏழு பேர், மூன்று விநாடி: வலைப்பந்தாட்டத்தின் கதையும் கணக்கும்

கூடைப்பந்து பார்த்துப் பழகியவருக்கு வலைப்பந்தாட்டம் (நெட்பால்) முதலில் குறைகளின் பட்டியலாகத்தான் தெரியும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட முடியாது. வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. ஏழு பேர் ஆடினாலும் கோல் அடிக்கும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். தன் பகுதியைத் தாண்டி ஒருத்தி காலை வைத்தாலே நடுவர் விசில் ஊதிவிடுவார். இத்தனை தடை போட்டால் எப்படித்தான் ஆடுவது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இந்தத் தடைகளில் பல, பெண்கள் அதிகம் ஓடக் கூடாது, முட்டி மோதக் கூடாது என்று நினைத்த ஒரு காலத்தில் பிறந்தவை. ஆனால் இன்றைக்கு இந்த ஆட்டத்தை இவ்வளவு வேகமாகவும் நுட்பமாகவும் வைத்திருப்பவையும் இதே தடைகள்தான். அதைப் புரிந்துகொண்டு பார்த்தால், இதைக் கூடைப்பந்தின் தங்கச்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த வருடமே, பக்கத்திலிருந்த ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த சென்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். நெய்ஸ்மித்தின் விதிகளை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைவிட்டு வெளியே போகக் கூடாது என்றார். எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் தட்டக் கூடாது என்றும் விதி செய்தார். கடுமையாக ஓடியாடினால் பெண்ணின் உடல் கெட்டுவிடும் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. மாணவிகள் விளையாட வேண்டும், அதே நேரம் கல்லூரிக்கும் பெற்றோருக்கும் அது கண்ணியமாகவும் தெரிய வேண்டும். இரண்டையும் சமாளிக்கப் பெரன்சன் கண்ட வழி இந்த விதிகள்.

அதே பத்தாண்டில் இந்த ஆட்டம் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது. சுவீடனைச் சேர்ந்த மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் என்ற பெண்மணி லண்டனில் பெண்களுக்கான உடற்பயிற்சி ஆசிரியர் கல்லூரி ஒன்றை நடத்திவந்தார். 1895-இல் அதை டார்ட்ஃபோர்டுக்கு மாற்றினார். அங்கே படித்த மாணவிகள்தான் ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். கூடை போய் வளையம் வந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு போவது ஒழிந்தது. கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு குனிந்து பந்தைத் தட்டிப் பார்த்தால் அந்த மாற்றத்தின் காரணம் விளங்கும். 1901-இல் விதிகள் முதல்முறையாக அச்சில் வந்தன. டார்ட்ஃபோர்டில் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் பெண்கள் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனார்கள். போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளின் பெண்கள் பள்ளிகளுக்கு அது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இன்றும் இந்த விளையாட்டின் வரைபடத்தைப் பாருங்கள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, மலாவி, உகாண்டா, இலங்கை, சிங்கப்பூர். பழைய சாம்ராஜ்யத்தின் பள்ளிக்கூட வரைபடம் அது.

ஒவ்வொரு நாட்டிலும் ஆட்டம் ஒவ்வொரு மாதிரி வளர்ந்ததுதான் சிக்கல். 1938-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதின. நாடுகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம் அது. நியூசிலாந்துக்காரர்களுக்குத் தங்கள் ஊரில் அணிக்கு ஒன்பது பேர் வைத்து ஆடித்தான் பழக்கம். மெல்போர்னில் ஏழு பேர் ஆட்டம். ஆஸ்திரேலியா 40-11 என்று ஜெயித்தது. விதி ஒன்றாக இல்லாமல் உலகப் போட்டி நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு முடிவுக்கு வர 1960 வரை ஆனது. அந்த முடிவு எடுத்த இடம் இலங்கை. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அங்கே கூடி விதிகளை ஒன்றாக்கினார்கள். சர்வதேச அமைப்பும் அப்போதுதான் உருவானது. மூன்று வருடம் கழித்து, 1963-இல், இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தது. உலகக் கோப்பையின் விதிப்புத்தகம் இலங்கை மண்ணில் முடிவானது என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. இலங்கையில்கூட அதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ஆடுகளம் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம். குறுக்கே இரண்டு கோடு போட்டு மூன்று சம பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். இரு முனைகளிலும் 4.9 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம். அதுதான் கோல் வட்டம். முனைக்கோட்டின் நடுவில் கம்பம், அதன் உச்சியில் 3.05 மீட்டர் உயரத்தில் வளையம். உயரம் கூடைப்பந்து வளையத்தின் உயரமேதான். விட்டம் மட்டும் 38 சென்டிமீட்டர், கூடைப்பந்து வளையத்தைவிடச் சிறியது. பலகை இல்லாததால் பந்தை அதில் மோதவைத்து உள்ளே விழவைக்க முடியாது. மேலிருந்து வளையத்துக்குள் இறங்கினால்தான் கோல்.

ஏழு பேருக்கும் பெயர் உண்டு, எல்லை உண்டு. நெஞ்சிலும் முதுகிலும் எழுத்து ஒட்டிய மேலங்கியைப் போட்டிருப்பார்கள். அந்த எழுத்தைப் பார்த்தே அவர் எங்கெல்லாம் போகலாம் என்று சொல்லிவிடலாம். கோல் ஷூட்டர் தன் அணி தாக்கும் முனைப் பகுதியைவிட்டு நகரமாட்டார். கோல் அட்டாக் அந்தப் பகுதியோடு நடுப்பகுதியிலும் ஆடலாம். கோல் அடிக்கலாம் என்பது இந்த இரண்டு பேருக்கு மட்டும்தான். விங் அட்டாக்குக்கும் அதே இரண்டு பகுதிகள், ஆனால் கோல் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. தடுக்கும் பக்கத்தில் இதே ஏற்பாடு தலைகீழாக: கோல் கீப்பர், கோல் டிஃபென்ஸ், விங் டிஃபென்ஸ். நடுவில் சென்டர். அவர் இரண்டு கோல் வட்டங்களைத் தவிர எல்லா இடத்துக்கும் போகலாம். ஒரு மணி நேர ஆட்டத்தில் அதிகம் ஓடுபவர் பெரும்பாலும் அவர்தான். கோல் கணக்கில் மட்டும் அவர் பெயர் ஒரு தடவைகூட வராது.

பந்தைப் பிடித்தவரிடம் மூன்று விநாடிதான் இருக்கிறது. அதற்குள் பாஸ் செய்ய வேண்டும், அல்லது வளையத்தை நோக்கி எறிய வேண்டும். பந்தோடு நடக்கவும் முடியாது. பிடித்தபோது முதலில் தரையில் பட்ட கால்தான் கணக்கு. அடுத்த காலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், முதல் காலைத் தூக்கவும் தூக்கலாம், ஆனால் அது மறுபடி தரையைத் தொடுமுன் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். எதிராளி அந்தக் காலிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றுதான் கையை உயர்த்தித் தடுக்கலாம். நெருங்கினால் தவறு. உடலால் இடித்து எதிராளியின் ஆட்டத்தைக் கெடுத்தாலும் தவறு. தவறு செய்தவருக்கான தண்டனை எனக்கு மிகவும் பிடித்த விதி: பாஸ் செய்பவரின் பக்கத்தில் போய் அசையாமல் நிற்க வேண்டும், பந்து கையைவிட்டுப் போகும் வரை ஆட்டத்தில் சேரக் கூடாது. பல ஆட்டங்களில் தவறு செய்தவரே அடுத்த நொடி தடுக்கவும் வந்து நிற்பார். இங்கே தவறின் விலையை அந்த இடத்திலேயே கொடுக்க வேண்டும்.

இன்னொரு விதி மேலோட்டமாகப் பார்த்தால் சின்னது, ஆனால் ஆட்டத்தின் வடிவத்தையே தீர்மானிப்பது. மூன்று பகுதிகளில் ஒன்றை முழுவதுமாகத் தாண்டிப் பந்தை எறியக் கூடாது. இடையில் யாராவது அதைத் தொட்டிருக்க வேண்டும். ஆகவே கோல் கீப்பர் பந்தைப் பிடித்து நேராக மறுமுனையிலிருக்கும் ஷூட்டருக்கு உயரமாகப் போட்டுவிட முடியாது. பந்து ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கை பட்டுத்தான் மேலே போகும். எல்லை விதியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு முனையில் பந்தைப் பறித்தவர் மறுமுனைக்குத் தானே கொண்டுபோய்க் கோல் போடுவது என்பது இந்த ஆட்டத்தில் நடக்கவே நடக்காது. எத்தனை பெரிய வீராங்கனையானாலும் அடுத்தவர் சரியான இடத்தில் சரியான விநாடியில் வந்து நின்றால்தான் உண்டு. பார்வையாளர் கண் எப்போதும் பந்தின் மேல்தான் போகும். ஆனால் ஆட்டம் நடப்பது பந்து இல்லாதவர்களின் கால்களில். ஒருத்தி இடப்பக்கம் ஓடுவதுபோல் இரண்டு அடி வைத்துவிட்டு வெட்டித் திரும்பி வலப்பக்கம் பாய்வாள். அவளைக் காவல் காப்பவள் அந்த அரை விநாடியில் பின்தங்கினால் பாஸுக்கு வழி திறந்துவிடும். மூன்று விநாடி விதி இருப்பதால் இந்த ஏமாற்றும் ஓட்டமும் வெட்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும்.

ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடு வட்டத்திலிருந்து சென்டர் பாஸ் போட்டு மீண்டும் தொடங்குவார்கள். கோல் யார் அடித்தாலும் சென்டர் பாஸ் இரு அணிக்கும் மாறி மாறித்தான் வரும். ஸ்கோரைப் படிப்பதற்கான சாவி இதில்தான் இருக்கிறது. நல்ல அணி தன் சென்டர் பாஸ்களில் பெரும்பாலானவற்றைக் கோலாக மாற்றிவிடும். இரண்டு அணியும் அப்படியே செய்தால் 1-0, 1-1, 2-1, 2-2 என்று கூடவே போகும். ஓர் அணி எதிரணியின் சென்டர் பாஸ் ஒன்றைத் தட்டிப் பறித்துக் கோலாக்கினால், தனக்கு ஒன்று கூடுகிறது, எதிரணிக்கு வரவேண்டிய ஒன்று போகிறது. இரண்டு கோல் வித்தியாசம். டென்னிஸில் எதிராளியின் சர்வீஸை உடைப்பதற்குச் சமம். 60-54 என்ற ஸ்கோரைப் பார்த்து, இத்தனை கோல் விழுகிறதே, தடுப்பு ஆட்டம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆறு கோல் இடைவெளியில், வெற்றி பெற்ற அணி எதிரணியைவிட மூன்று தடவை அதிகமாகப் பந்தைப் பறித்துக் கோலாக்கியது என்ற கதை இருக்கிறது. பெரும்பாலும் அது கோல் கீப்பரின், கோல் டிஃபென்ஸின் கதை.

பெரிய ஆட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக முடிகின்றன என்பதும் இதனால்தான். 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஹெலன் ஹவுஸ்பி கடைசி விநாடியில் போட்ட கோலால் ஆஸ்திரேலியா 52-51 என்று தோற்றது. அடுத்த வருடம் லிவர்பூல் உலகக் கோப்பை இறுதியாட்டத்திலும் ஆஸ்திரேலியா அதே 52-51 என்ற கணக்கில் நியூசிலாந்திடம் தோற்றது. 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியின் இறுதியாட்டம் கூடுதல் நேரத்திலும் முடியாமல் மறுபடி நீண்டு, நியூசிலாந்து 66-64 என்று ஜெயித்தது. நம் பக்கத்தில், இந்திய மண்ணில் நடந்த மிகச்சிறந்த இறுதியாட்டங்களில் ஒன்று. அதை நினைவு வைத்திருப்பவர்கள் இங்கே மிகக் குறைவு என்பது வருத்தம்தான்.

இனி தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்த இதைவிடச் சரியான பெயர் இல்லை. யாழ்ப்பாணத்தின் புன்னாலைக்கட்டுவனில் பிறந்தவர். உயரம் 2.08 மீட்டர், அதாவது ஆறடி பத்து அங்குலம். இலங்கை அணிக்குப் பல வருடம் கோல் ஷூட்டராக ஆடியவர். போர் நடந்துகொண்டிருந்த வடக்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் கொழும்புக்கு வந்து தேசிய அணியில் இடம்பிடித்து, அதன் நம்பிக்கையாகவே மாறியது சின்ன விஷயமில்லை. 2009-இல் இலங்கை ஆசியக் கோப்பையை வென்றது. 2018-இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் சிங்கப்பூரையே 69-50 என்று தோற்கடித்து மறுபடி வென்றது. 2022-இலும் அதே ஊரில், அதே எதிரணியை 63-53 என்று வென்று ஆறாவது தடவையாக ஆசியக் கோப்பையைத் தூக்கியது.

பலகை இல்லாத வளையத்துக்கு உயரம் ஏன் இத்தனை முக்கியம் என்பதை அவர் ஆட்டத்தில் பார்க்கலாம். இவ்வளவு உயரமானவர் கையை நீட்டி நின்றால் வளையத்துக்கும் விரலுக்கும் ஏறத்தாழ ஓர் அடி இடைவெளிதான் மிஞ்சும். தடுப்பவர் 0.9 மீட்டர் தள்ளி நின்று குதித்தாலும் பந்து அவர் விரலுக்கு மேலேதான் இருக்கும். ஆகவே அவர் கைக்குப் பந்து வந்துவிட்டால் கோல் என்று எழுதிவிடலாம். எதிரணிகளுக்கும் இது தெரியும். அதனால் அவர்கள் ஷாட்டைத் தடுக்க மெனக்கெடுவதில்லை. பந்து அவரிடம் போவதைத் தடுப்பார்கள். கோல் கீப்பர் ஒருவர் முன்னால், கோல் டிஃபென்ஸ் பின்னால் என்று இருவர் அவரைச் சுற்றி நிற்பார்கள். அதைவிட முக்கியமாக, வட்டத்துக்கு வெளியே பந்தை வைத்திருக்கும் சென்டரையும் விங் அட்டாக்கையும் நெருக்கி, உயரமான அந்தப் பாஸை நிதானமாகப் போடவிடாமல் செய்வார்கள். கை கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், பந்து வட்டத்துக்கு மேலாகப் பறந்து முனைக்கோட்டைத் தாண்டிவிடும்.

2019 உலகக் கோப்பையை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஆட்டத்தின் இயல்பே விளங்கும். அந்தத் தொடரில் மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கோல் போட்டவர் தர்ஜினி: 348 கோல். உலகத்தின் மிகப் பெரிய அணிகளின் ஷூட்டர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். ஆனால் 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆவது இடம். கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ தனி ஒருவர் ஓர் அணியைப் பல படி மேலே இழுத்துப்போன உதாரணங்கள் உண்டு. வலைப்பந்தாட்டத்தில் அது முடியாது, விதிகளே அதற்கு இடம் கொடுப்பதில்லை. நடுப்பகுதியில் பந்து பறிபோனால் மறுமுனையில் நிற்கும் 2.08 மீட்டர் உயரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இலங்கைக்குக் குறைந்தது ஷூட்டர் அல்ல. பந்தைப் பறிக்கும் தடுப்பு வரிசையும், நெருக்கடியில் பதறாமல் பாஸ் போடும் நடுவரிசையும் பெரிய அணிகளுக்கு ஈடாக இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாராவாரம் கடுமையான லீக் ஆட்டங்கள் ஆடித்தான் அந்தத் திறமை வருகிறது. தர்ஜினி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கில் ஆடியவர். அவரோடு இன்னும் நாலைந்து பேருக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உயரமான ஷூட்டர் என்ற உத்தி இலங்கைக்கு மட்டும் உரியதில்லை. ஜமைக்காவின் ஜானியெல் ஃபௌலர் 1.98 மீட்டர், ஆஸ்திரேலியாவின் சூப்பர் நெட்பால் லீக்கில் பல வருடம் கோல் குவித்தவர். அந்த லீக் 2020-இல் ஒரு புது விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு 15 நிமிடப் பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்தில், கோல் வட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து போடும் கோலுக்கு இரண்டு புள்ளி. தொலைக்காட்சிக்கு விறுவிறுப்பு கூடியது உண்மை. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பந்தை ஒவ்வொரு பாஸாக நெருக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த ஆட்டத்தின் உழைப்பு. தூரத்திலிருந்து எறிவதற்குப் பரிசு கொடுத்தால் அந்த உழைப்பின் மதிப்பு குறைகிறது. உலகக் கோப்பையில் இன்னும் ஒரு கோலுக்கு ஒரு புள்ளிதான் என்பது ஆறுதல்.

பந்தோடு நடக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. முழு வேகத்தில் ஓடிவந்து, உயரக் குதித்துப் பந்தைப் பிடித்து, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். உடலின் மொத்த வேகத்தையும் முழங்கால் தாங்குகிறது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவது இந்த ஆட்டத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் பெரிய காயம். பல மாதம், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆட முடியாது. இதற்காகவே ஆஸ்திரேலிய வலைப்பந்து அமைப்பு, ஆட்டத்துக்கு முன் செய்யவேண்டிய பயிற்சிகளைத் தொகுத்து, ஊர்க் கழகங்கள்வரை கொண்டுபோனது. குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்குவது, கால்கள் உட்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வது, தொடைத் தசைகளை வலுப்படுத்துவது, இவ்வளவுதான். காசு செலவில்லாத பயிற்சி. நம் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாஸ் போடச் சொல்லித்தரும் அளவுக்கு, இறங்கச் சொல்லித்தருவதில்லை. சிமெண்டுத் தரையிலும் காய்ந்த மண்ணிலும் ஆடும் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

உலகக் கோப்பையை இதுவரை பெரும்பாலும் ஆஸ்திரேலியாதான் வென்றிருக்கிறது. 2023-இல் கேப் டவுனில் இங்கிலாந்தை 61-45 என்று வென்றது அதன் 12ஆவது கோப்பை. ஆப்பிரிக்காவில் நடந்த முதல் உலகக் கோப்பை அது. மீதியைப் பெரும்பாலும் நியூசிலாந்து எடுத்துக்கொண்டது. 1979-இல் மட்டும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டிரினிடாட் டொபாகோ மூன்றும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஆனால் இடைவெளி குறைந்துவருகிறது. 2015 உலகக் கோப்பையின் சிறந்த வீராங்கனை மலாவியின் ம்வாய் கும்வெண்டா. கேப் டவுனில் உகாண்டா ஐந்தாம் இடம் பிடித்தது. 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஜமைக்கா பிரிவு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை வென்று, இறுதியாட்டம்வரை வந்து வெள்ளி எடுத்தது. பணமும் உள்ளரங்கமும் குறைவான நாடுகள் இவை. ஒரு கம்பம், ஒரு வளையம், ஒரு பந்து, கொஞ்சம் சமதரை இருந்தால் பள்ளியில் தொடங்கிவிடலாம் என்பது அவர்களுக்கு உதவியிருக்கிறது.

இத்தனை இருந்தும் ஒலிம்பிக்கில் வலைப்பந்தாட்டம் ஆடப்பட்டதில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 1995-இல் இதை அங்கீகரித்தது. பதக்கத்துக்கான ஆட்டமாக மட்டும் சேர்க்கவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் பெண்கள் கூடைப்பந்தையே ஆடுகிறார்கள். வலைப்பந்து அங்கே வேரூன்றவில்லை. ஆண்கள் ஆட்டம் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நடந்தாலும் உலக அளவில் இன்னும் சின்னதுதான். அதனால் இதன் பெரிய மேடைகள் இரண்டு: 1998 கோலாலம்பூரிலிருந்து பதக்க ஆட்டமாக இருந்துவரும் காமன்வெல்த் போட்டி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் உலகக் கோப்பை. அடுத்த உலகக் கோப்பை 2027-இல் சிட்னியில். பார்க்க உட்காருபவர்கள் முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, சென்டர் பாஸுக்கு விசில் ஊதியதும் விங் அட்டாக்கும் கோல் அட்டாக்கும் நடுப்பகுதிக்குள் எப்படிப் பாய்ந்து வருகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் ஸ்கோர் ஏன் ஏறுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று நீங்களே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.